பகல் குறுகும் பருவம்

நம் முன்னோர் ஓராண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிருக்கு உரியவை. அதே திங்கள்களில் ஐரோப்பாவில் நிலவும் பருவத்தையே நாம் இலையுதிர்காலம் என்கிறோம். காலம் ஒன்றாயினும் இவ்விரண்டின் இயல்பும் வெவ்வேறு. சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், படிப்பை முன்னிட்டோ தொழிலை முன்னிட்டோ மக்களை லண்டனுக்கும் பெர்லினுக்கும் அனுப்பியிருப்போர் இன்று பலர். அங்குள்ள கல்லூரிகளின் ஆண்டு பெரும்பாலும் செப்டம்பரிலோ அக்டோபரிலோ தொடங்குவதால், அப்பிள்ளைகள் முதன்முதலாகச் சந்திக்கும் அயல்நாட்டுப் பருவம் இதுவே ஆகிறது. ஆதலின் அதன் தன்மையை இங்குள்ள பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

இத்தகைய தொடர்பு நம் ஊருக்குப் புதிதன்று. 1888-இல் திருத்தணியில் பிறந்து, 1896 முதல் 1900 வரை திருப்பதி லூத்தரன் மிஷன் பள்ளியில் பயின்ற சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், 1936 முதல் 1952 வரை ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் பதவி வகித்தார். அன்று ஒருவர் இருவர் சென்ற வழியில் இன்று தெருவுக்கு ஒருவர் செல்கின்றனர். அதுவே வேற்றுமை.

நமக்கு ஐப்பசி என்றால் மழை. வடகிழக்குப் பருவக்காற்று மிகுந்தால் ஏரி நிறையும். வரம்பு மீறினால் பாதையும் உடையும். 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் புகுந்ததையும், நந்தலூருக்கும் ராஜம்பேட்டைக்கும் இடையே ரயில் பாதை பழுதுற்றதையும் நாம் மறந்திலோம். ஆயினும், எத்துணை மழை பெய்தாலும் இங்கே பகலின் அளவு பெரிதும் மாறுவதில்லை. திருப்பதியில் ஆண்டின் மிக நீண்ட பகல் ஏறக்குறைய 13 மணி நேரம். மிகக் குறுகிய பகல் 11¼ மணி நேரம். இடைப்பட்ட வேற்றுமை இரண்டு மணிக்கும் குறைவு.

லண்டனிலோ ஜூன் மாதப் பகல் 16½ மணி நேரத்துக்கு மேற்பட்டது. டிசம்பர் மாதப் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைந்தது. செப்டம்பர் இறுதியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 நிமிடம் வீதம் பகல் தேய்கிறது. வாரத்துக்கு அரை மணி நேரம் போய்விடுகிறது. போதாக்குறைக்கு, அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைக்கின்றனர். நேற்று ஐந்தரை மணிக்கு வந்த அந்தி இன்று நாலரை மணிக்கே வந்துவிடுகிறது. நவம்பர் முடிவில் லண்டனிலும் பெர்லினிலும் மாலை 4 மணி அளவில் கதிரவன் மறைகிறான். புதிதாகச் சென்றவரைத் திகைக்க வைப்பது குளிரைக் காட்டிலும் இந்த இருளேயாகும். குளிருக்குக் கம்பளிச் சட்டை உண்டு. இருளுக்கு அத்தகைய சட்டை இல்லை.

ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்கு, இப்பருவம் அந்நாட்டு ரயில்களை ஆட்டிவைக்கும் விதத்தை அறிவதில் தனி ஆவல் உண்டு. கடிகாரம் பின்னுக்குப் போகும் இரவில், ஜெர்மனியில் ஓடும் இரவு வண்டிகள் ஏதேனும் ஒரு நிலையத்தில் ஒரு மணி நேரம் காத்து நிற்கின்றன. இல்லையேல் அட்டவணைக்கு ஒரு மணி முன்பாகவே ஊர் போய்ச் சேர்ந்துவிடும். பிரிட்டனிலோ உதிரும் இலைகளே பெரும் பகை. தண்டவாளத்தில் விழுந்த இலைகள் சக்கரத்தில் நசுங்கி வழவழப்பான பூச்சாகப் படிந்துவிடுகின்றன. பிரேக் பிடிப்பதில்லை, சக்கரம் வழுக்குகிறது. ஆகவே ஓட்டுநர்கள் முன்கூட்டியே வேகத்தைக் குறைக்கின்றனர். தண்டவாளத்தைக் கழுவுவதற்கென்றே தனி வண்டிகள் ஓடுகின்றன. சில தடங்களில் இப்பருவத்துக்கென்றே கால அட்டவணையைத் திருத்தி அமைக்கின்றனர். நம் பக்கத்தில் வெள்ளம் செய்யும் வேலையை அங்கே சருகு செய்கிறது!

அவ்விலைகள் உதிர்வதும் ஓர் ஒழுங்கின்படியே நிகழ்கிறது. பகல் குறைந்து குளிர் கூடவே, மரம் தன் இலைகளிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, அதன் சத்தினைக் கிளைக்குள் மீட்டுக்கொள்கிறது. பச்சை நீங்கியதும், அதுகாறும் மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகிறது. சில மரங்களில் சிவப்பு நிறம் புதிதாகத் தோன்றுகிறது. பின்னர் காம்பின் அடியில் ஒரு மெல்லிய படலம் உண்டாகி, காற்று வீசியதும் இலை விடுபடுகிறது. நம் சேஷாசல மலைச் செம்மரமும் இலை உதிர்ப்பதுதான். ஆனால் அது பனிக்காலம் கழிந்து வெயில் ஏறும்போது, நீர் குன்றுவதால் உதிர்க்கிறது. அங்குள்ள மரமோ குளிருக்கும் இருளுக்கும் முன்னேற்பாடாக உதிர்க்கிறது. மரத்துக்குத் தெரிந்த அம்முன்னேற்பாடு புதிதாகச் சென்ற மனிதருக்குத் தெரிவதில்லை.

கணித மேதை இராமானுஜன் 1914 ஏப்ரலில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் குளிர் மிகுந்த ஒரு நாள், அங்கே பயின்றுவந்த மகலனோபிஸ் அவரைக் காணச் சென்று, இரவில் குளிர் தாக்கவில்லையா என வினவினார். மேலங்கியை அணிந்து, சால்வையையும் போர்த்துக்கொண்டு உறங்கியும் குளிர்கிறது என்றார் இராமானுஜன். மகலனோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் பல இருந்தன. ஆனால் மெத்தையின் விளிம்பில் இறுகச் செருகப்பட்டு, மேலே விரிப்பு ஒன்றினால் மூடப்பட்டிருந்தன. அவற்றை மடித்து விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரிந்திருக்கவில்லை. மகலனோபிஸ் காட்டிக் கொடுத்தார். இராமானுஜன் மனம் நெகிழ்ந்தார்.

இந்நிகழ்ச்சியைச் சிரிப்பதற்காகச் சொல்வோர் உண்டு. எனக்கு அதில் சிரிப்பு தோன்றவில்லை. கம்பளி இல்லாமல் அவர் வருந்தவில்லை. கம்பளி இருந்தும், கேட்பார் ஒருவர் வரும்வரை வருந்தினார். அறிவில் குறைந்தவரா அவர்? அயலூரில் முதலாண்டு வாழ்வோர் எவருக்கும் வரக்கூடிய நிலையே அது.

என் தமக்கையாரின் மகன் ஜெர்மனியில் பொறியியல் பயில்கிறான். சென்ற புதிதில் நாள்தோறும் தொலைபேசியில் கூப்பிட்டு, ஏரி, பூங்கா, பொன்னிறச் சாலை எல்லாம் வருணித்தான். நவம்பர் பிறந்ததும் பேச்சு சுருங்கிற்று. வாரம் ஒருமுறை, அதுவும் இரண்டே சொல். "வெளிநாட்டுக்குப் போனதும் பெற்றவளை மறந்துவிட்டான்" என்று தமக்கையார் கண்கலங்கினார். நான் கூப்பிட்டு விசாரித்தேன். "மாமா, இருட்டில் வகுப்புக்குப் போகிறேன், இருட்டில் அறைக்குத் திரும்புகிறேன். எனக்குக் குறை ஒன்றும் இல்லை, சொல்வதற்குத்தான் ஒன்றும் இல்லை" என்றான். அவன் தாயை மறக்கவில்லை. வெயிலைத்தான் பல நாளாகக் காணவில்லை.

இது வெறும் மனப்பிரமை அன்று. பகல் குறுகும் மாதங்களில் சிலருக்கு உறக்கம் மிகுந்து, ஊக்கம் குன்றி, உள்ளம் சோர்வதை 1984-இல் ரோசந்தால் என்னும் மருத்துவரும் அவர்தம் தோழர்களும் ஆராய்ந்து, பருவகால மனச்சோர்வு எனப் பெயரிட்டு எழுதினர். அதற்கு ஒளி சிகிச்சை முதலிய மருத்துவமும் உண்டு. அன்றியும், கருநிறத் தோலுக்கு வெயிலிலிருந்து வைட்டமின் டி உண்டாகக் கூடுதல் நேரம் வேண்டும். இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி உட்கொள்வதை அனைவரும் கருதிப் பார்க்க வேண்டுமென்றும், கருநிறத் தோலினர் ஆண்டு முழுவதும் கருத வேண்டுமென்றும் பிரிட்டன் சுகாதாரத் துறை அறிவுரை கூறுகிறது.

இனி, இங்குள்ளோர் செய்யக்கூடியது யாது? அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்குப் பின் ஜெர்மனி நமக்கு 4½ மணியும், பிரிட்டன் 5½ மணியும் பின்தங்கியிருக்கும். நமக்கு வசதியான இரவு 9 மணிக்குக் கூப்பிட்டால், அங்கே அந்தி மயங்கி அவர்கள் அறைக்குள் அடைபட்டிருக்கும் நேரமாகிவிடும். அதற்கு மாறாக, மாலை 5 மணியளவில் கூப்பிடுங்கள். அங்கே அது நண்பகலை ஒட்டிய வேளை. "வெளியே நடந்துகொண்டே பேசு, அப்பா" என்று சொல்லுங்கள். பேச்சோடு பேச்சாக அரை மணி நேர வெளிச்சமும் அவர்களுக்குக் கிடைத்துவிடும். "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு நில்லாமல், "இன்று வெயிலைப் பார்த்தாயா?" என்றும் கேளுங்கள். சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால், கல்லூரி மருத்துவரை உடனே காணும்படி வற்புறுத்துங்கள்; அதில் வெட்கத்துக்கு இடமில்லை.

அங்குள்ள மக்களும் இவ்விருளை வாளா பொறுத்துக்கொண்டிருப்பவர் அல்லர். நவம்பர் 11-ஆம் நாள் புனித மார்ட்டின் திருநாளை ஒட்டி, ஜெர்மானியக் குழந்தைகள் காகித விளக்குகளை ஏந்திப் பாட்டுப் பாடித் தெருவில் ஊர்வலம் போகின்றனர். நாமும் அதே பருவத்தில்தான் வாசல்தோறும் கார்த்திகை விளக்கு ஏற்றுகிறோம். இருள் மிகும் காலத்தில் ஒளியை நாடுவது எல்லா நாட்டாருக்கும் பொது. நம் பிள்ளைகள் அவ்வூர்வலத்தைக் காண வெளியே வரட்டும். உடன் பயிலும் அந்நாட்டாரை அறைக்கு அழைத்து நாலு அகல் ஏற்றி வைக்கட்டும்.

டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாளோடு பகல் தேய்வது நின்றுவிடும். அதன்பின் நாள்தோறும் சிறிது சிறிதாக வளரும். பொங்கல் வருவதற்குள் அவ்வளர்ச்சி கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். முதலாண்டு சென்றிருக்கும் பிள்ளைக்கு இக்கணக்கை ஐப்பசியிலேயே சொல்லி வைப்போமாக.