உள்ளூரில் யாரைத் தெரியும்?

குமுளியில் தமிழ்நாட்டுப் பேருந்திலிருந்து இறங்கிச் சில நிமிடங்கள் நடந்தால் கேரளம் வந்துவிடும். கடைகளின் பெயர்ப்பலகைகள் இரு மொழியிலும் இருக்கும். ஏலக்காய் வாசனை இரு பக்கமும் ஒன்றே. மாநிலம் மாறியதை முதலில் உணர்வது சட்டைப்பையில் உள்ள கைபேசிதான். வேறொரு வட்டத்திற்குள் வந்துவிட்டீர்கள் என்று ஒரு குறுஞ்செய்தி வந்து விழும்.

இன்று அச்செய்தியைப் பலர் படிப்பதுகூட இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை அது, காசு கரையத் தொடங்கிவிட்டது என்பதற்கான அறிவிப்பாக இருந்தது.

இந்தியக் கைபேசிச் சேவை 22 உரிமப் பகுதிகளாகப் பகுக்கப்பட்டது. கேரள வட்டத்தில் லட்சத்தீவும் மாஹேயும் அடங்கும். புதுச்சேரி நகரம் தமிழ்நாட்டு வட்டத்தைச் சேர்ந்தது. தாள்களில் இந்தப் பகுப்பு தெளிவாகவே இருந்தது. ஆனால் கோபுரத்திலிருந்து கிளம்பும் அலைக்குச் சோதனைச் சாவடி தெரியாது. பாலக்காட்டு மாவட்டத்தின் கோபாலபுரத்திலோ மீனாட்சிபுரத்திலோ தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பவரின் கைபேசி பொள்ளாச்சிப் பக்கத்துக் கோபுரத்தைப் பற்றிக்கொள்ளும். இடுக்கியின் கம்பமெட்டிலும் போடிமெட்டிலும் தேனி மாவட்டத்து அலை ஏறிவரும். வீட்டை விட்டு நகராதவர் ரோமிங்கில் இருப்பார். வரும் அழைப்புக்கும் கட்டணம் கழியும். விவரம் அறிந்தவர்கள் கைபேசியில் தானாக வலையமைப்பைத் தேடும் வசதியை நிறுத்திவைத்தனர். மற்றவர்கள் இரு மாநிலத்துக்கும் ஒவ்வொன்றாக இரண்டு சிம் அட்டைகள் வைத்துக்கொண்டனர். இரண்டு சிம் போடும் கைபேசி பிற ஊர்களில் ஒரு கூடுதல் வசதி. எல்லையோரத்தில் அது அன்றாடத் தேவை.

இந்தச் சுமை படிப்படியாகவே குறைந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ரோமிங் கட்டணத்தின் உச்சவரம்பை 2013-இலும் 2015-இலும் குறைத்தது. 2015 ஜூன் 15 முதல் பி.எஸ்.என்.எல். ரோமிங்கில் வரும் அழைப்புகளை இலவசமாக்கியது. அதே ஆண்டு ஜூலை 3 முதல், எண்ணை மாற்றாமலே ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குச் சேவையை மாற்றிக்கொள்ளும் உரிமை நாடு முழுவதும் வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது ரோமிங்குக்குத் தனிக் கட்டணமே வைக்கவில்லை. பிற நிறுவனங்களும் அவ்வழிக்கு வந்தன. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே ரோமிங் கூடுதல் கட்டணம் நீங்கியது 2017 ஜூன் 15 அன்றுதான் என்பதைப் பார்க்கும்போது, நாம் மிகவும் பின்தங்கிவிடவில்லை எனலாம்.

கட்டணம் போயிற்று. முகவரி போகவில்லை.

சிம் அட்டை வாங்குவதற்கு அடையாளமும் முகவரியும் வேண்டும். தேக்கடிக்கோ மூணாறுக்கோ வரும் வெளிநாட்டுப் பயணியிடம் கடவுச்சீட்டும் விசாவும் இருக்கும். இந்திய முகவரி இராது. விடுதியின் முகவரியைக் கொடுப்பார். அடுத்துக் கேட்கப்பட்டுவந்தது, உள்ளூரில் அவரை அறிந்த ஒருவரின் கைபேசி எண். நேற்று மாலை வந்து இறங்கியவருக்கு யாரைத் தெரியும்? விடுதி மேலாளரோ வாடகைக் கார் ஓட்டுநரோ தம் எண்ணைக் கொடுத்து உதவிவந்தார். சரிபார்ப்பு முடிந்து இணைப்பு உயிர்பெறுவதற்குள் பயணி அடுத்த ஊருக்குச் சென்றிருக்கவும் கூடும். அந்த இணைப்பும் விசாக் காலத்தைத் தாண்டி நீடிக்காது. இணைப்பு இல்லாமலே சமாளிக்கலாம் என்று நினைப்பவரும் தப்ப முடியாது. ரயில் நிலையங்களின் இலவச வைஃபைக்குள் நுழைவதற்கும் இந்திய எண்ணுக்கு ஒருமுறைக் கடவுச்சொல், அதாவது ஓ.டி.பி., வர வேண்டும். எண் இல்லாதவருக்கு இணையம் தேவை. இணையத்துக்கு எண் தேவை.

இந்த இடர்ப்பாட்டை அரசும் உணர்ந்தே இருந்தது. மின்னணு விசாவில் வருவோருக்கு விமான நிலையத்திலேயே பி.எஸ்.என்.எல். சிம் அட்டை வழங்கும் திட்டத்தை 2017 பிப்ரவரியில் சுற்றுலா அமைச்சகம் தில்லியில் தொடங்கியது. கடவுச்சீட்டைப் பதியாமல் சிம் அட்டை தராத நாடு இந்தியா மட்டுமன்று, தாய்லாந்திலும் அப்படித்தான். பாதுகாப்பு கருதி அடையாளம் கேட்பதைக் குறை சொல்ல இயலாது. கேள்வி, அடையாளம் இருந்தும் உள்ளூர்ப் பிணை இல்லாதவரைப் பற்றியது.

வெளிநாட்டவர் சில நாள்களில் திரும்பிவிடுவார். எல்லையோரத்துத் தமிழர் நிலை வேறு. தேனி மாவட்டத்து முகவரி கொண்ட அட்டையோடு இடுக்கியின் ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர், அங்குள்ள கடையில் சிம் கேட்டால், விதிகளின் கண்ணில் அவர் 'வெளியூர் வாடிக்கையாளர்'. அவருக்கும் அதே கேள்விதான்: உள்ளூரில் யாரைத் தெரியும்? தெரிந்தவர்கள் நிறைய உண்டு. ஆனால் அவர்கள் பலரும் அவரைப்போலவே மலையேறி வந்தவர்கள். ஆதார் பரவிய பின்பு இந்த நெருக்கடி பெரிதும் தளர்ந்தது உண்மை. ஆயினும் முகவரி ஒரு மாநிலத்திலும் பிழைப்பு மற்றொரு மாநிலத்திலுமாக வாழ்பவர்களுக்குக் கைபேசி எண் எப்போதும் ஒரு பக்கத்துக்கு மட்டுமே சொந்தமாக இருந்துவருகிறது.

எண் கிடைத்தாலும் சிக்னல் கிடைக்க வேண்டும். மூணாறைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்கள் பள்ளத்தாக்குகளில் மடிந்து கிடப்பவை. ஒரு குன்று குறுக்கே நின்றால் போதும், அப்பாலுள்ள லயங்களுக்கு அலை எட்டாது. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் திரைக்கு வந்தபோது, தோட்டத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி மேடுகளுக்கும் சாலையோரங்களுக்கும் போய் உட்கார்ந்து படித்தனர். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில்தான், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

அதே 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. பெரும்பாலோர் தமிழர், பல குடும்பங்களின் வேர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறில் இருந்தது. தொடர் மழையில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயிருந்தன. சரிவு இரவில் நிகழ்ந்தது. செய்தி வெளியுலகை எட்டியது மறுநாள் காலையில். சிக்னல் இல்லாமை வெறும் சிரமம் என்று எண்ணுவோர் அந்த ஓர் இரவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெட்டிமுடியைக் கடந்து காட்டுக்குள் சென்றால் இடமலைக்குடி. முதுவர்கள் வாழும் இவ்வூர், 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாயிற்று. ஆனால் அதன் அலுவலகம் நெடுங்காலம் தேவிகுளத்தில்தான் இயங்கியது. பாலக்காட்டுப் பக்கம் பறம்பிக்குளத்தின் கதை இன்னும் விந்தையானது. கேரளத்து ஊர்; ஆனால் சாலை வழியே செல்ல வேண்டுமானால் தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகத்தான் நுழைய வேண்டும். நாடெங்கும் 4ஜி இல்லாத 24,680 சிற்றூர்களுக்கு ரூ.26,316 கோடியில் கோபுரம் அமைக்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. 2023 ஜூன் 5 அன்று கேரள அரசு தன் சொந்த இழைவழி இணையமான கே-ஃபோனைத் தொடங்கியது. கம்பி வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் மலை மெதுவாகவே வழிவிடுகிறது.

வங்கி வாடிக்கையாளருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். கணக்கின் சாவி இன்று பெரும்பாலும் கைபேசி எண்ணில்தான் தொங்குகிறது. இணையவழி அட்டைப் பரிமாற்றத்துக்குக் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-இல் கட்டாயமாக்கியது. அது பல மோசடிகளைத் தடுத்தது. ஆனால் ஓ.டி.பி. சில நிமிடங்களே உயிரோடிருக்கும். லயத்திலிருந்து மேட்டுக்கு ஏறி அதைப் பெற்றுக்கொண்டு இறங்கி வருவதற்குள் அது காலாவதியாகிவிடும். ஓ.டி.பி. மட்டுமல்ல. கணக்கிலிருந்து யாரோ பணம் எடுத்துவிட்டால், தவறு வாடிக்கையாளருடையதோ வங்கியுடையதோ அல்லாத நிலையில், தகவல் கிடைத்து மூன்று வேலை நாள்களுக்குள் அவர் அறிவித்தால் அவருக்கு இழப்பில்லை என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை. அந்தத் தகவல் வருவதும் பெரும்பாலும் குறுஞ்செய்தியாகவே. செய்தி பழைய எண்ணுக்குப் போனால் இழப்பை அறியவே நாளாகும்.

குறுஞ்செய்தி ஓ.டி.பி.யை மட்டும் நம்பியிராமல் வேறு சரிபார்ப்பு முறைகளுக்கும் இடமளிக்கும் விதிகளை ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைக்கு வரும் நாளாகக் குறித்தது. இணையம் இல்லாத சாதாரணக் கைபேசியிலும் யு.பி.ஐ. வழியே பணம் அனுப்ப 2022 முதல் 'யு.பி.ஐ. 123பே' உண்டு. கைரேகையை வைத்துப் பணம் பெறும் வசதி வங்கி முகவர்களிடம் உள்ளது. அங்கே வாடிக்கையாளரின் கைபேசி தேவையில்லை, முகவரின் கருவிக்கு மட்டும் அலை கிடைத்தால் போதும்.

எல்லையோரத்தில் மிகக் கவனிக்க வேண்டியது ஓய்வுபெறும் தோட்டத் தொழிலாளரின் நிலை. வேலை முடிந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். பலர் சொந்த ஊர் என்று கேள்விப்பட்டு மட்டுமே வளர்ந்த தமிழ்நாட்டு ஊருக்குத் திரும்புவர். மலையில் வாங்கிய கேரள எண்ணுக்கு அங்கே மறுகட்டணம் செலுத்த மறந்துபோகும். பேரனோ மருமகளோ புது எண் வாங்கித் தருவர். பழைய எண் துண்டிக்கப்பட்டு, குறைந்தது 90 நாள்களுக்குப் பின் வேறொருவருக்கு வழங்கப்படலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் ஆணையம் தெரிவித்தது. வருங்கால வைப்பு நிதிக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும் நாளில், அதற்கான ஓ.டி.பி. ஆதாரில் பதிந்துள்ள அந்தப் பழைய எண்ணுக்கே போகும். வாழ்நாள் உழைப்பின் தொகை, முன்பின் தெரியாத ஒருவரின் கைபேசியில் வந்து நிற்கும் ஆறு இலக்கத்துக்காகக் காத்திருக்கும்.

ஆகவே மலையிறங்கும் முன், பழைய எண் உயிரோடிருக்கும்போதே முதலில் ஆதார் மையத்திலும், அடுத்து வங்கிக் கிளையிலும், பின்பு வைப்பு நிதிக் கணக்கிலும் எண்ணைச் சரிபார்த்துக்கொள்வது நலம். எண்ணை மாற்ற விருப்பமில்லையெனில் கேரள எண்ணையே தமிழ்நாட்டிலும் வைத்துக்கொள்ளலாம். 2015-க்குப் பின் அதற்குத் தடையில்லை. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான, ஓராண்டு வரை நீளக்கூடிய கட்டணத் திட்டங்களை நிறுவனங்கள் தர வேண்டும் என்று ஆணையம் 2024 டிசம்பரில் விதித்துள்ளது. கடையில் அதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் எடுத்துக் காட்டுபவர் குறைவு. கிளைக்கு வரும்போது கணக்குப் புத்தகத்தோடு கைபேசியையும் கொண்டுவாருங்கள். பழைய எண் இன்னும் பேசுகிறதா என்பதை அங்கேயே ஓர் அழைப்பு விடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.