கழுவப்படாத கரங்கள்



நோய் தீருமென நம்பி மருத்துவமனைக்குச் செல்கிறோம். அங்கேயே புதியதொரு நோய் தொற்றிக்கொண்டால்? அதனைச் சுமந்து வருவது பெரும்பாலும் மருத்துவப் பணியாளர்களின் கைகளே.

வியன்னா பொது மருத்துவமனையில் இரு பேறுகாலப் பிரிவுகள் இருந்தன. 1846ஆம் ஆண்டில், மருத்துவர்களும் மாணவர்களும் பணியாற்றிய முதற்பிரிவில் 100 தாய்மார்களுக்கு 11 பேர் காய்ச்சலால் இறந்தனர். மருத்துவச்சிகள் பணியாற்றிய பிரிவிலோ மூவருக்கும் குறைவே. காரணத்தைக் கண்டறிந்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர். பிணங்களை அறுத்தாய்ந்த கைகளுடனேயே அவர்கள் பேறு பார்க்கவும் வந்தனர். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவிய பின்னரே தாய்மார்களைத் தொட வேண்டுமென 1847 மே மாதத்தில் அவர் பணித்தார். மறு ஆண்டில் முதற்பிரிவின் இறப்பு 100க்கு இருவருக்கும் கீழே குறைந்தது. ஆயினும், தம் கைகளே உயிர் பறித்தன என்பதை ஏற்கப் பலர் மறுத்தனர்.

இன்று உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களை வகுத்துள்ளது: நோயாளியைத் தொடுமுன், ஊசி, காயக்கட்டு போன்றவற்றுக்கு முன், இரத்தமோ கழிவோ பட நேர்ந்த பின், நோயாளியைத் தொட்ட பின், அவரது கட்டில் முதலியவற்றைத் தொட்ட பின். கையுறை அணிவது இதற்கு ஈடாகாது.

ஆகவே, "கை கழுவினீர்களா?" எனப் பணிவுடன் கேட்பது அவமரியாதையன்று, நோயாளியின் உரிமை. நலம் விசாரிக்கச் செல்லும் நாமும் அவ்வாறே செய்ய வேண்டும். நாள்தோறும் உளூச் செய்து பழகிய நமக்கு இது கடினமன்று. கழுவிய கரங்களுடனேயே நோயாளியை நெருங்குவோமாக!