சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு ரெடிமேட் மாடலா? ரெண்டு பைப், ஒரு கயிறு போதும்!

‘நாளைக்கு சயின்ஸ் எக்ஸிபிஷன். எளிய இயந்திரங்கள்தான் டாபிக்’னு வீட்டுக் குட்டி ராத்திரி 8 மணிக்குச் சொன்னா என்ன பண்ணுவீங்க? நேரா ஸ்டேஷனரி கடைதான். தெர்மாகோல் கிணறு, குட்டிக் கப்பி, தொங்குற பிளாஸ்டிக் வாளி, சுத்திலும் பச்சைக் கலர் புல். அக்காவோ, அண்ணனோ, சித்தப்பாவோ... வீட்டுக்கு ஒருத்தர் தலையில இந்த வேலை கண்டிப்பா விழும்.

அந்தக் கிணற்று மாடலில் ஒரு சிக்கல் இருக்கு. ‘கப்பி இருந்தால் குறைந்த விசை போதும்’னு பக்கத்துல சார்ட் ஒட்டியிருப்பாங்க. கிணற்று மேல நிலையா மாட்டின ஒற்றைக் கப்பிக்கு இது பொருந்தாது. 10 கிலோ வாளி மேல வரணும்னா, 10 கிலோவுக்கான இழுவையைக் கொடுத்தே ஆகணும். உராய்வுக்காக இன்னும் கொஞ்சம் கூடுதலாவே. அப்புறம் எதுக்குக் கப்பி? மேல தூக்குறதுக்குப் பதிலா கீழே இழுக்கலாம். நம்ம உடம்பு எடையும் சேர்ந்து வேலை செய்யும். மாறுறது திசை மட்டும்தான்.

விசை குறையணும்னா கயிறு பல தடவை போய் வரணும். அதை வீட்டிலேயே பார்க்கலாம். வழவழப்பான ரெண்டு பி.வி.சி பைப் எடுங்க. ரெண்டு பெரியவங்க ஆளுக்கு ஒண்ணா, ஒன்றரை அடி இடைவெளியில் பிடிச்சுக்கணும். நைலான் கயிற்றை ஒரு பைப்பில் கட்டி, ரெண்டையும் சேர்த்து மூணு சுற்று சுத்துங்க. இப்போ நுனியை வீட்டுக் குட்டிகிட்ட கொடுத்து இழுக்கச் சொல்லுங்க. பெரியவங்க எவ்வளவு முறுக்கிப் பிடிச்சாலும் பைப் ரெண்டும் நெருங்கி வரும். அந்த நேரத்துல குட்டியோட முகத்தைப் பாருங்க! (பைப்புக்கு நடுவுல யார் விரலும் இருக்கக் கூடாது. இது முக்கியம்.)

சிரிச்சு முடிச்சதும் ஸ்கேலை எடுங்க. பைப்புக்கு நடுவுல இப்போ 6 இழை கயிறு இருக்கு. பைப் 10 செ.மீ நெருங்கினா, குட்டி கையில கிட்டத்தட்ட 60 செ.மீ கயிறு வந்திருக்கும். விஷயமே இதுதான். விசையில் மிச்சம் பிடிச்சதை, தூரத்தில் கட்டியாகணும். எந்த இயந்திரமும் ஓசியில் எதையும் தராது. பாடப்புத்தகத்தில் இது ஒரு வரி. கயிறு உள்ளங்கையில உரசி வெளியே வந்துக்கிட்டே இருக்கும்போதுதான் அந்த வரி புரியும்.

நெம்புகோலும் இதே கணக்குதான். 30 செ.மீ ஸ்கேலின் 15-க்குக் கீழே பென்சிலை வைங்க. 10-ஆவது செ.மீட்டரில் 4 ஒரு ரூபாய் நாணயம், 25-ஆவது செ.மீட்டரில் 2 நாணயம். ஸ்கேல் சமமா நிற்கும். இந்தப் பக்கம் 4-ஐ 5-ஆல் பெருக்கினா 20. அந்தப் பக்கம் 2-ஐ 10-ஆல் பெருக்கினாலும் 20.

சாய்தளத்துக்கு ஒரு பொம்மை கார், ஒரு ரப்பர் பேண்ட், ஒரு பலகை. காரை ரப்பரில் கட்டி நேரா தூக்கினா ரப்பர் எவ்வளவு நீளுதுன்னு அளங்க. அப்புறம் சாய்ச்சு வெச்ச பலகையில இழுத்து அளங்க. கம்மியாத்தான் நீளும். கொல்லிமலை ரோட்டுக்கு 70 கொண்டை ஊசி வளைவு எதுக்குன்னு இனி கூகுள் பண்ண வேண்டியதில்லை! அதே சாய்தளத்தைப் பேப்பரில் செங்கோண முக்கோணமா வெட்டி, பென்சில்ல சுத்துங்க. ஓரம் திருகாணி மரை மாதிரி ஏறும்.

விசையைக் குறைக்காத நெம்புகோலும் வீட்டிலேயே இருக்கு... ஒட்டடைக் கம்பு. மேல் கை ஊன்றுகோல், கீழ்க் கை விசை. கை கொஞ்சம் அசைஞ்சா நுனி ரொம்ப தூரம் போகும். ஆனா, விசை கூடுதலா கொடுக்கணும். தீபாவளிக்கு முந்தின வாரம் தோள் வலிக்கிறது இதனாலயும்தான்.

குப்பையில் இருந்து அறிவியல் கத்துக்கொடுக்கிறதுல பெரிய பெயர், அர்விந்த் குப்தா. ஐ.ஐ.டி கான்பூரில் படிச்சவர். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972-ல் தொடங்கின அறிவியல் கல்வித் திட்டத்தில் வேலை பார்த்தப்போ, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வெச்சே மாடல்கள் உருவாக்கினார். 2018-ல் பத்மஸ்ரீ. அவர் செய்முறைகள் இணையத்தில் இலவசமாவே கிடைக்குது.

சரி, எக்ஸிபிஷன் டேபிளில் என்ன வைக்கிறது? ரெண்டு பைப், கயிறு, ஒரு ஸ்கேல். சார்ட்டில் விளக்கம் எழுதாம, குட்டி தன் கையால அளந்த அளவுகளை எழுதட்டும். 60 வரலை, 55-தான் வந்துச்சுன்னா 55-ன்னே எழுதட்டும். பார்க்க வர்ற டீச்சர் கையிலேயே கயிற்றைக் கொடுத்து இழுக்கச் சொல்லலாம்.