தேதி மாறினால் வழக்கம் மாறிவிடுமா?

உங்கள் தோட்டத்துத் திருவிழாவில் கூடிய கூட்டத்தைக் கண்டு மனம் பூரித்திருப்பீர்கள். அதே கூட்டத்தைக் கண்டு, "பிள்ளையை ஏன் அழைத்து வந்தோம்?" என்று நெஞ்சு பதறியதும் உண்டா? எனக்கு இவை இரண்டும் ஒரே நாளில் நேர்ந்தன. அந்த நாளைப் பற்றியும், அதன் பிறகு எங்கள் தோட்டத்தில் எழுந்த ஒரு வழக்கைப் பற்றியும் உங்களோடு பேச விரும்புகிறேன்.

பூச்சோங் என்றால் இன்று அடுக்குமாடி வீடுகளும் கடைத்தொகுதிகளும் வாகன நெரிசலுமே கண்முன் வரும். ஒரு காலத்தில் அங்கே ரப்பர் மரங்களும் ஈயச் சுரங்கக் குட்டைகளும்தாம் இருந்தன. கின்ராரா தோட்டம் இருந்த இடம் இப்போது பண்டார் கின்ராரா. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளான போது நம்மவர் பலர் பூச்சோங் அடுக்குமாடிகளில் குடியேறினார்கள். நான் பணியாற்றும் பள்ளி அதற்கும் அப்பால், செம்பனைக்கு நடுவே இருக்கிறது. வெளியேறிய குடும்பங்கள் ஆண்டுக்கு ஒரு நாள் எங்கள் தோட்டத்துக்குத் திரும்பி வரும். அது தீபாவளிக்கு மறுநாள், 'ஜீப்பு ஓட்டம்' நடக்கும் நாள்.

தாத்தாவின் லேண்ட் ரோவர்

இந்த ஓட்டத்தைத் தொடங்கி வைத்தவர் எங்கள் டிரைவர் தாத்தா. முன்பு துரைக்கு வண்டி ஓட்டியவர். லேண்ட் ரோவர் என்ற வண்டி 1948-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் விவசாயிகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. சாதாரணக் காரில் இயந்திரம் இரண்டு சக்கரங்களை மட்டுமே சுழற்றும். இதில் தேவைப்படும் போது நான்கையும் சுழற்றும். இரண்டு சக்கரங்கள் சேற்றில் வழுக்கினாலும் மற்ற இரண்டும் இழுத்துக் கரை சேர்த்துவிடும். செம்மண் பாதையும் வாய்க்காலும் நிறைந்த தோட்டங்களுக்கு அதைவிடத் தோதான வண்டி ஏது?

தோட்டம் கழித்துக் கட்டிய பழைய லேண்ட் ரோவர் ஒன்றைத் தாத்தா சொற்ப விலைக்கு வாங்கினார். ஒரு தீபாவளிக்கு மறுநாள், வண்டிக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டி, லயத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மழைச் சேற்றில் ஒரு சுற்று வந்தார். அடுத்த ஆண்டு அவருடைய மகன் ஒரு வண்டியோடு வந்தான். பிறகு மகனின் நண்பர்கள் வந்தார்கள். இப்படியே முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. பட்டணத்தில் வேலை பார்க்கும் எங்கள் பழைய மாணவர்கள் பலர் இன்று அந்த ஓட்டத்தில் வண்டி ஓட்டுகிறார்கள். யார் முந்துவது என்ற போட்டி அதில் கிடையாது. ஒரு வண்டி சிக்கினால் மற்றவர்கள் இழுத்து விட வேண்டும் என்பது மட்டுமே விதி.

அன்று நடந்தது

மூன்று தீபாவளிகளுக்கு முன்னால் கூட்டம் எப்போதும் இல்லாத அளவுக்குச் சேர்ந்துவிட்டது. கைப்பேசியில் படம் பார்த்து எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள். புகைக்குழாயைக் கழற்றிய மோட்டார் சைக்கிள்கள் காதைப் பிளந்தன. காலை பத்து மணிக்கே பீர் டின்கள் உருண்டன. ஓடும் வண்டிகளுக்கு முன்னால் பட்டாசைக் கொளுத்திப் போட்டார்கள். பெண்பிள்ளைகளைக் கேலி செய்தார்கள். கண்டித்த பெரியவர்களைப் பிடித்துத் தள்ளினார்கள்.

வாய்க்காலில் ஒரு வண்டி இறங்கிவிட்டது. வேறொரு வண்டியின் முன்னால் இருக்கும் 'வின்ச்' உருளையிலிருந்து இரும்புக் கம்பியை இழுத்து மாட்டினார்கள். கம்பி முறுக்கேறி நிற்கும் போதே பையன்கள் அதைத் தாண்டிக் குதித்துப் படம் எடுத்தார்கள். திடீரென்று கொக்கி நழுவியது. கம்பி பாம்பு போல் சீறி வந்து ஒரு செம்பனையின் மட்டையைக் கிழித்தது. அந்த மரத்துக்கு ஒரு முழத் தூரத்தில் என் நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன் நின்றிருந்தான்.

அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அவனுடைய தாயார் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து, "டீச்சர், இனிமே நாங்க வரலை" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு அவர் வரவில்லை. அவரைப் போல் பல தாய்மார்களும் வரவில்லை. குடும்பங்களுக்காக ஏற்பட்ட விழாவில் குடும்பங்கள் குறைந்து, குடிகாரர்கள் மிகுந்தார்கள்.

இழுத்த ரப்பர் வளையத்தை விட்டால் கையில் சுரீரென்று படும் அல்லவா? முறுக்கேறிய இரும்புக் கம்பியும் அப்படித்தான். வண்டியையே இழுக்கும் விசை முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. வெளியே இழுத்துள்ள கம்பியின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் நிற்க வேண்டும் என்பது பழகிய ஓட்டுநர்களின் கணக்கு. கம்பி இருபது மீட்டர் என்றால் முப்பது மீட்டருக்கு அப்பால் நிற்க வேண்டும். கம்பியின் நடுவே கனத்த போர்வையோ ஈரச் சாக்கோ போட்டு வைத்தால் அது அறுந்தாலும் வேகம் தணியும். இதெல்லாம் ஓட்டுகிறவருக்குத் தெரியும். வேடிக்கை பார்க்க வந்து மயக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியுமா?

உலகம் படித்த பாடம்

"நாம் என்ன பெரிய ரேலியா நடத்துகிறோம்?" என்று சிலர் கேட்டார்கள். பெரிய ரேலிகளே இந்தப் பாடத்தை இரத்தம் சிந்திப் படித்திருக்கின்றன. 1986-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் தேதி, போர்ச்சுகல் நாட்டு ரேலியில் சிந்த்ரா மலைப்பாதை நெடுகிலும் மக்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பறந்து வரும் காரைக் கையால் தொட்டுவிட்டு விலகுவதை வீரம் என்று நினைத்தார்கள். ஆட்களைத் தவிர்க்கத் திரும்பிய ஒரு கார் கட்டுமீறிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. மூவர் மாண்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். உலகப் புகழ்பெற்ற ஓட்டுநர்கள் ஒன்றுகூடி, இனி இந்த ரேலியில் ஓட்டமாட்டோம் என்று கையெழுத்திட்டு விலகினார்கள். நின்று பார்க்கிறவர்களுக்குக் காப்பு இல்லாத இடத்தில் ஓட்டுவது குற்றம் என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது.

தேதியை மாற்றினால் பெருமை போய்விடும் என்று அஞ்சியவர்களுக்குக் கென்யாவின் சஃபாரி ரேலியைச் சொன்னேன். 1953-இல் தொடங்கிய ஓட்டம் அது. புழுதியிலும் சேற்றிலும் நடப்பது. நம் இந்தியாவிலிருந்து குடியேறிய குடும்பத்தில் வந்த ஜோகிந்தர் சிங், 'பறக்கும் சீக்கியர்' என்று பெயர் வாங்கி 1965, 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் அங்கே வென்றார். ஈஸ்டர் விடுமுறையும் சஃபாரியும் ஒன்று என்று நெடுங்காலம் மக்கள் நினைத்திருந்தார்கள். ஆனால் அது 1997-இல் மார்ச் தொடக்கத்தில் நடந்தது. 2002-இல் ஜூலையில் நடந்தது. உலகப் போட்டிப் பட்டியலிலிருந்து விலகி மறுபடியும் 2021-இல் சேர்ந்த போது ஜூனில் நடந்தது. அங்கே காரணங்கள் வேறு. ஆனாலும் ஈஸ்டரை விட்டதால் சஃபாரி என்ற பேர் அழியவில்லை.

நம் மலேசியாவிலும் ஓர் உதாரணம் உண்டு. 1997-இல் தொடங்கிய 'ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்' என்னும் காட்டு ஓட்டத்துக்கு ஆண்டுக் கடைசியின் அடைமழைக் காலத்தைத் தேடித் தேர்ந்தெடுத்தார்கள். எந்த நாள் என்பதை அந்த ஓட்டத்துக்கு எது தேவை என்பது முடிவு செய்ய வேண்டும். எங்களுக்குத் தேவையானவை இரண்டு. ஒன்று மழைச் சேறு. மற்றொன்று பயமில்லாமல் பிள்ளைகளோடு வரக்கூடிய குடும்பங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் நவம்பரிலும் நல்ல மழை பெய்யும். தீபாவளிக்கு மூன்று வாரம் கழித்து வைத்தாலும் சேற்றுக்குப் பஞ்சம் வராது!

தாத்தாவின் கேள்வி

கூட்டம் பள்ளி மண்டபத்தில் நடந்தது. எல்லாரும் பேசி முடிக்கும் வரை தாத்தா வாய் திறக்கவில்லை. கடைசியில், "டீச்சரம்மா, நீங்க சொல்றதெல்லாம் சரிதான். ஆனா சிங்கப்பூர்ல இருக்கிற என் பேரனுக்குத் தீபாவளிக்குத்தான் லீவு. மூணு வாரம் கழிச்சு எவன் வருவான்? நாலு ரவுடிப் பசங்களுக்குப் பயந்து, நம்ம பிள்ளைங்களை நாமே வர வேணாம்னு சொல்றதா?" என்று கேட்டார்.

வாசகர்களே, என்னிடம் அதற்கு உடனே பதில் இல்லை. தேதியை மாற்றினால் ரவுடிகளோடு நல்லவர்கள் சிலரும் விடுபட்டுப் போவார்கள் என்பது உண்மைதான்.

பின்வரிசையில் இருந்த ஒரு தாயார்தான் வழி சொன்னார். பத்து மலையை நினைத்துப் பார்க்கச் சொன்னார். 1892 முதல் அங்கே தைப்பூசம் நடக்கிறது. அந்த நாளை யாரும் மாற்றவில்லை. ஆனால் நெரிசலில் சிக்காமல் அமைதியாக நேர்த்திக்கடன் செலுத்த விரும்பும் பக்தர்கள், பல நாட்களுக்கு முன்பே காவடி எடுத்து 272 படிகளையும் ஏறிவிடுகிறார்கள். "பூச நாள் பூச நாளாவே இருக்கு. காவடி மட்டும் முன்னாடி போவுது. அந்த மாதிரி நாமளும் ரெண்டாப் பிரிச்சா என்ன?" என்றார்.

நான் தமிழ்நாட்டு ஜல்லிக்கட்டை எடுத்துச் சொன்னேன். சட்டச் சிக்கல் தீர்ந்த 2017-ஆம் ஆண்டில், பொங்கல் முடிந்து பிப்ரவரி 5-இல் அவனியாபுரத்திலும், 9-இல் பாலமேட்டிலும், 10-இல் அலங்காநல்லூரிலும் காளைகள் அவிழ்க்கப்பட்டன. ஜல்லிக்கட்டு அழிந்துவிடவில்லை. பார்வையாளர்களைக் களத்திலிருந்து தடுப்பு வேலி கட்டிப் பிரிக்க வேண்டும் என்பதும் அங்கே சட்டமாகவே இருக்கிறது. ஆக, தேதியை மட்டும் மாற்றினால் போதாது. வேலியும் வேண்டும். வேலி இல்லாவிட்டால் கூட்டம் புதிய தேதிக்கும் வழி கண்டுபிடித்து வந்துவிடும்.

நாங்கள் செய்தது

தீபாவளிக்கு மறுநாள் வண்டிக்கு மாலையும் கற்பூரமும் பொங்கலும் எப்போதும் போல் உண்டு. தூரத்துப் பிள்ளைகள் அதற்கு வரலாம். வண்டிகள் ஓடுவது மட்டும் மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு. அந்த நேரத்தில் குடிப்பவன் எழுந்திருக்கவே மாட்டான்! பெயர் கொடுத்த வண்டிகளுக்கு மட்டுமே இடம். தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கினோம், போலீசுக்கும் முன்கூட்டியே தெரிவித்தோம். பாதையோரம் கயிறு கட்டி, அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும் என்றோம். கம்பி இழுக்கும் இடத்தில் ஒருவர் விசிலோடு நிற்பார். அவர் ஊதினால் எல்லாரும் விலக வேண்டும். ஆம்புலன்ஸ் வர ஒரு பாதையைத் திறந்தே வைத்தோம். பிற்பகல் ஒரு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

உங்கள் ஊரிலும் இப்படி வண்டி ஓட்டம் உண்டென்றால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். காப்புக் காட்டுக்குள் போவதானால் 1984-ஆம் ஆண்டின் தேசிய வனவியல் சட்டப்படி நுழைவு அனுமதி வாங்க வேண்டும். "எங்கள் வழக்கம்" என்று சொல்லி உள்ளே புகுந்துவிட முடியாது.

கடந்த தீபாவளிக்கு மறுநாள் அந்த மோட்டார் சைக்கிள் கூட்டம் வழக்கம் போல் வந்தது. சேறும் இல்லை, வண்டி ஓட்டமும் இல்லை. மாலை போட்ட ஒரு கிழ லேண்ட் ரோவரும், பொங்கல் பானையும், வயதான பாட்டிமார்களும்தான் இருந்தார்கள். பாட்டிகள் அவர்களையும் உட்கார வைத்துப் பொங்கல் கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டுச் சத்தம் போடாமல் போய்விட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து நடந்த ஓட்டத்தில் கூட்டம் பாதிதான். தாத்தாவின் பேரன் வரவில்லை. அந்த வருத்தம் தாத்தாவுக்கு இன்னும் இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பசியாறி முடித்த கையோடு, நான் மேலே சொன்ன அந்தத் தாயார் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கயிற்றுக்குப் பின்னால் நின்றார். முதல் வண்டி சேற்றை வாரி இறைத்த போது அந்தப் பையன் கைகொட்டிச் சிரித்தான். தாத்தா என்னைத் திரும்பிப் பார்த்து, "சரிதான் டீச்சரம்மா, அடுத்த வருசமும் ஞாயித்துக்கிழமையே வெச்சிக்குவோம்" என்றார்.

உங்கள் தோட்டத்தில் தேரோ, தீமிதியோ, விளையாட்டுப் போட்டியோ இப்படிக் கெட்டுப் போகிறதென்றால் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த விழா யாருக்காகத் தொடங்கியது? அவர்கள் இன்னும் வருகிறார்களா? வரவில்லை என்றால், தேதி மாறாமலே உங்கள் வழக்கம் என்றோ மாறிவிட்டது. எந்த நாளில் வைத்தால் அவர்கள் திரும்பி வருவார்கள் என்று அவர்களையே கூப்பிட்டுக் கேளுங்கள். முக்கியமாக, கூட்டத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களைக் கேளுங்கள்.