செகண்ட் ஹேண்ட் கார்ல ஜமுனாமரத்தூர் ட்ரிப்பா? முதல்ல டயர் சொல்றதைக் கேளுங்க!

எட்டு வருஷப் பழைய ஹேட்ச்பேக் ஒன்றை மூன்று லட்ச ரூபாய்க்குப் பேசி முடித்தாச்சு. பெயின்ட் பளபளன்னு இருக்கு, ஏசி ஜில்லுன்னு வருது, ப்ளூடூத்ல பாட்டு கனெக்ட் ஆகுது. முதல் ட்ரிப் ஜமுனாமரத்தூர். போளூர் வழியாக ஏறி, கோமுட்டேரி ஏரியில் போட்டிங், பீமன் அருவியில் ஒரு குளியல், முடிந்தால் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் பக்கம் ஒரு ரவுண்டு. பிளான் சூப்பர்!

மலை ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போதுதான் விஷயமே. வண்டியின் எடை முழுக்க முன்பக்கம் சாயும். ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்க முன் டயர்தான் அந்த எடையைத் தாங்கித் திருப்பும். அந்த நேரத்தில் சாலைக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது நான்கே நான்கு ரப்பர் துண்டுகள். ஒவ்வொன்றும் சாலையைத் தொடும் இடம் கிட்டத்தட்ட உங்கள் உள்ளங்கை அளவுதான்.

அந்த உள்ளங்கையில் பாதி மொட்டையாக இருந்தால்?

வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் நல்லாத்தான் இருக்கும். உள்பக்க ஓரம் மட்டும் தேய்ந்து கம்பி எட்டிப் பார்க்கும். பழைய கார்களில் இது ரொம்ப சகஜம். நல்ல சேதி என்னவென்றால், டயர் எதையும் மறைக்காது. எங்கே, எப்படித் தேய்ந்திருக்கிறது என்று படிக்கத் தெரிந்தால் காரின் மொத்த ஜாதகத்தையும் அது சொல்லிவிடும்.

பார்ப்பது எப்படி?

சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். இன்ஜின் ஆஃப், ஹேண்ட் பிரேக் போட்டாச்சா? பின் சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைத்துவிடுங்கள். இப்போது ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுசாகத் திருப்பினால் முன் டயரின் உள்பக்கம் வெளியே தெரியும். பின் டயருக்கு அந்த வசதி இல்லை. செல்போன் டார்ச்சைப் போட்டு, போனை அடியில் நீட்டி ஒரு வீடியோ எடுங்கள். குனிந்து கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஒவ்வொரு டயரிலும் மூன்று இடங்களைப் பாருங்கள்: உள் ஓரம், நடு, வெளி ஓரம். புது கார் டயரில் பட்டன் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். 1.6 மில்லிமீட்டர்தான் கடைசி எல்லை. இதைக் காட்டுவதற்காகவே பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன ரப்பர் மேடுகள் வைத்திருப்பார்கள். டயரின் பக்கவாட்டில் சின்ன முக்கோணக் குறி இருந்தால், அதற்கு நேர் மேலே தேடுங்கள். பட்டனும் அந்த மேடும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் டயருக்கு விடை கொடுத்துவிட வேண்டியதுதான். மூன்று இடங்களில் ஏதாவது ஒன்று வந்துவிட்டாலும் இதே கதைதான். 'நடுவுல இன்னும் இருக்கே சார்' என்ற சமாதானமெல்லாம் ஈரமான சாலையிடம் செல்லாது.

அடுத்து, கையால் தடவிப் பாருங்கள். வெறும் கையால் வேண்டாம். தேய்ந்த டயரில் இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம். தடிமனான துணி அல்லது கிளவுஸ் போதும்.

தேய்மானத்தைப் படிக்கலாம் வாங்க

*இரண்டு ஓரமும் தேய்ந்து, நடு நல்லா இருந்தால்:* காற்று குறைவாக ஓடியிருக்கிறது. காற்று குறைந்தால் டயரின் நடுப்பகுதி உள்வாங்கி, எடை ஓரங்களில் விழும்.

*நடு மட்டும் தேய்ந்திருந்தால்:* காற்று அதிகம். 'டைட்டா இருந்தா மைலேஜ் வரும்ணே' என்று யாரோ சொன்னதைக் கேட்டிருக்கிறார்கள்.

*ஒரு ஓரம் மட்டும் வழவழன்னு தேய்ந்திருந்தால்:* சக்கரம் நேராக நிற்காமல் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து ஓடுகிறது. இந்தச் சாய்வுக்குப் பெயர் கேம்பர். நம்ம ஊர் சின்ன கார்கள் பலவற்றில் கேம்பரைத் திருகி சரிசெய்ய வழியே கிடையாது. கம்பெனி வைத்ததுதான். அது மாறியிருக்கிறது என்றால் ஸ்ட்ரட், லோயர் ஆர்ம் போன்ற ஏதோ ஒன்று வளைந்திருக்கலாம், அல்லது புஷ், பால் ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். ஒரே ஒரு சக்கரத்தில் மட்டும் இப்படி இருந்தால் 'இந்த கார் எங்கேயாவது இடிபட்டுச்சா?' என்று கேட்க வேண்டிய நேரம் இது.

*ரம்பப் பல் மாதிரி இருந்தால்:* டயரின் குறுக்கே ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கமாகத் தடவினால் சுரண்டும். இது 'டோ' பிரச்னை. இரண்டு சக்கரங்களும் இணையாகப் போகாமல், முன்பக்கம் குவிந்தோ விரிந்தோ ஓடுகின்றன. அதாவது டயர் உருளும்போதே கொஞ்சம் கொஞ்சமாக இழுபடுகிறது. முன் சக்கரங்களின் டோ தவறாக இருந்தால், பெரும்பாலும் இரண்டு முன் டயர்களும் பாதிக்கப்பட்டிருக்கும். அலைன்மென்ட் செய்தால் சரியாகிவிடும். ஆனால் டை ராட் ஆடிக்கொண்டிருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். ஆடுகிற பார்ட்ஸை வைத்துக்கொண்டு செய்யும் அலைன்மென்ட், ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான்.

*மேடும் பள்ளமுமாக, குழி குழியாக இருந்தால்:* ஷாக் அப்சார்பர் வீக் ஆகியிருக்கலாம், பேலன்சிங் போயிருக்கலாம். சக்கரம் சாலையில் ஒட்டி ஓடாமல் குதித்துக் குதித்து ஓடியதன் தழும்புகள் இவை. காரின் மூலையை அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒரு முறை எழும்பி நின்றுவிட வேண்டும். தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் அப்சார்பர் காலி. அதன் மேல் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த மாதிரி டயர் ஓடும்போது 'உய்ங்' என்று சத்தம் வரும். பேரிங் போயிடுச்சு என்று பலர் செலவு செய்வது இதற்குத்தான். திறந்த சாலையில் லேசாக இடதும் வலதுமாக வளைத்துப் பாருங்கள். சத்தம் ஏறி இறங்கினால் பெரும்பாலும் பேரிங். மாறாமல் அப்படியே இருந்தால் டயர்.

*ஒரே இடத்தில் மட்டும் தட்டையாக இருந்தால்:* பிரேக் லாக் ஆகி இழுபட்டிருக்கிறது, அல்லது மாசக்கணக்கில் நகராமல் நின்றிருக்கிறது.

மலைக்காரர் கார் என்றால் கணக்கு வேறு!

விற்பவர் ஜமுனாமரத்தூர்க்காரர் என்று வைத்துக்கொள்வோம். முன் டயர் இரண்டிலும் வெளி ஓரம் சற்று அதிகமாகத் தேய்ந்திருக்கிறது. உடனே 'ஆக்சிடென்ட் வண்டி' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தினமும் வளைவுகளில் ஏறி இறங்கும் காரில், முன் டயர்களின் வெளித்தோள் சீக்கிரம் தேய்வது இயற்கை. இது காற்றுக் குறைவா, வளைவின் வேலையா? பின் டயர்களைப் பாருங்கள். பின்னால் சீராக இருந்து, முன்னால் இரண்டும் ஒரே மாதிரி வெளியோரம் மட்டும் தேய்ந்திருந்தால் மலைச்சாலை மேல் சந்தேகப்படலாம். இடதுக்கும் வலதுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால்தான் கவலை. தேய்மானத்தை மட்டும் பார்க்காமல், அந்த கார் எங்கே வாழ்ந்தது என்பதையும் கேட்பது நல்லது.

காற்று விஷயத்திலும் மலைக்கு ஒரு கணக்கு உண்டு. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் டயரில் சுமார் ஒன்றரை முதல் இரண்டு பி.எஸ்.ஐ குறையும். மத்தியான வெயிலில், ஓடிச் சூடான டயருக்குக் கீழே பங்கில் காற்று அடித்துவிட்டு, மறுநாள் விடியற்காலைக் குளிரில் மலையில் கிளம்பினால் காற்று கம்மியாகத்தான் இருக்கும். வண்டி ஓடுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது செக் பண்ணுங்கள். எத்தனை வேண்டும் என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உள்ளே இருக்கும். ஆள் ஏறி, லக்கேஜ் நிறைந்தால் எவ்வளவு என்பதற்கும் அதிலேயே தனிக் கணக்கு உண்டு.

காற்றெல்லாம் ஒரு மேட்டரா என்று நினைக்காதீர்கள். 2000 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் இருந்தவை. ஓடும்போதே பட்டன் அடுக்கு பிய்ந்து, வண்டிகள் உருண்டு, 200 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். டயரின் குறையா, காரின் குறையா, காற்றழுத்தத்தைக் குறைவாக வைக்கச் சொன்னதா என்று இரண்டு நிறுவனங்களும் மாற்றி மாற்றிக் கைகாட்டின. அதன் பிறகு வந்த சட்டத்தால்தான், காற்று குறைந்தால் டாஷ்போர்டில் எச்சரிக்கும் வசதி அங்கே 2008 மாடல் கார்களிலிருந்து கட்டாயமானது. நம் பழைய ஹேட்ச்பேக்கில் அந்த விளக்கு இல்லை. நாம்தான் பார்க்கணும்.

'நாலும் புது டயர் சார்!'

இதைக் கேட்டதும் குஷியாகாதீர்கள். பழைய டயரோடு சாட்சியும் போய்விட்டது என்று அர்த்தம். ஸ்டெப்னியை வெளியே எடுங்கள். சில சமயம் பழைய செட்டில் ஒன்று அங்கே ஒளிந்திருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரம் செய்தது. வெளிப்பக்கம் இல்லையென்றால் உள்பக்கம் தேடுங்கள். பட்டன் நிறைய இருந்தும் வயசான டயர் என்றால் ரப்பர் இறுகி, பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருக்கும். பக்கவாட்டில் கொப்புளம் மாதிரி வீங்கியிருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. அதற்கு வைத்தியமே இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

டெஸ்ட் டிரைவில், சமமான காலிச் சாலையில் ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இழுக்கிறதா? மெக்கானிக்கிடம் சொல்லி முன் டயர் இரண்டையும் இடம் மாற்றி மாட்டச் சொல்லுங்கள். இழுக்கும் பக்கமும் மாறினால் குறை டயரில். மாறவில்லை என்றால் அலைன்மென்ட்டையோ பிரேக்கையோ பார்க்க வேண்டும். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால் மட்டும் இப்படி மாற்றக் கூடாது.

செலவை எந்த வரிசையில் செய்வது?

முதலில் காற்று. அடுத்து ஆடுகிற, வளைந்த பார்ட்ஸ். பிறகு தேவையென்றால் புது டயர், பேலன்சிங். கடைசியாக அலைன்மென்ட். இதை மாற்றிச் செய்தால், புது டயரும் பழைய டயர் போன வழியிலேயே போகும். அலைன்மென்ட் முடிந்ததும் மெஷினில் வரும் பிரின்ட் அவுட்டைக் கேட்டு வாங்குங்கள். சரிசெய்த பிறகும் சிவப்பில் நிற்கும் எண் இருந்தால், காரணம் கேளுங்கள்.

பட்ஜெட்டில் இரண்டு டயர்தான் மாற்ற முடியும் என்றால்? புதுசைப் பின்னால் போடுங்கள். முன்சக்கரம் இழுக்கும் கார் என்றாலும் அப்படித்தான். ஈரச் சாலையில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். அதற்காக முன்னால் மொட்டை டயரை விட்டுவைக்கலாம் என்று அர்த்தமில்லை. அதன் பிறகு 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றி வந்தால் தேய்மானம் சீராக இருக்கும்.

இதெல்லாம் பார்க்க மொத்தமே இருபது நிமிஷம். இந்த இருபது நிமிஷத்தில் நீங்கள் எடுத்த வீடியோவை விற்பவரிடம் காட்டினாலே விலையில் சில ஆயிரங்கள் குறைய வாய்ப்பிருக்கிறது. ஆனால் லாபம் அது மட்டுமில்லை. ஜமுனாமரத்தூரிலிருந்து சாமையும் தேனும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் இறங்குகிறீர்கள். மழை லேசாகத் தூறுகிறது. பின் சீட்டில் அம்மா தூங்கிக்கொண்டிருக்கிறார். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் நிதானமாக இறங்குங்கள், நியூட்ரல் மட்டும் வேண்டவே வேண்டாம். அடுத்த வளைவில் பிரேக்கை மிதிக்கும்போது, அம்மாவின் தூக்கம் கலையாமல் வண்டி திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.