தேர்வுக்குப் பூகோளம் படிப்போர்க்குச் சில சொற்கள்

நம் சங்கங்களைச் சேர்ந்த நெசவாளர், உழவர் இல்லங்களில் இன்று பட்டம் பெற்ற பிள்ளைகள் பலர் உள்ளனர். அவர்களுள் சிலர் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுதோறும் நடத்தும் குடிமைப் பணித் தேர்வுக்கு முயன்று வருகின்றனர். இந்திய ஆட்சிப் பணிக்கும் காவற்பணிக்கும் இத்தேர்வே வாயில் என்பதை யாவரும் அறிவர். நம் ஆட்சிப் பகுதிக்கே உரிய புதுச்சேரி ஆட்சிப் பணியும் புதுச்சேரிக் காவற்பணியும் இதே தேர்வின் அறிவிக்கையில் இடம்பெறுபவை என்பதை அறிந்தவர் சிலரே. ஆகவே, டில்லியில் யாரோ யாருக்கோ நடத்தும் தேர்வு இது என்று நாம் ஒதுங்கியிருத்தற்கில்லை.

மேற்பார்வைக்காகச் சங்கங்களுக்குச் செல்லும்போது, பதிவேடுகளை மூடியபின் உறுப்பினர்கள் தம் வீட்டுக் கவலைகளைச் சொல்வதுண்டு. அண்மைக் காலமாக அவற்றுள் ஒன்று அடிக்கடி காதில் விழுகிறது. "பெண் வரலாற்றில் தேறிவிடுகிறாள் ஐயா, பூகோளந்தான் பிடிபடவில்லை. சென்னைக்கு அனுப்பிப் பயிற்சி நிலையத்தில் சேர்க்க வேண்டுமாம். தறியின் பேரில் ஏதேனும் கடன் கிடைக்குமா?" என்பதே அது. இதற்கு விடை சொல்லுமுன், பூகோளம் தேர்வில் எவ்வாறு கேட்கப்படுகிறது என்பதைப் பார்த்தல் நலம். (இன்றைய பாடநூல்கள் இதனைப் புவியியல் என்கின்றன. நம் முதியோர் வாயில் பூகோளம் என்பதே வழங்குகிறது. நானும் அப்பெயரையே ஆள்கிறேன்.)

தேர்வு முதனிலை, முதன்மை, நேர்முகம் என மூன்று படிகளை உடையது. முதனிலையின் பொது அறிவு முதல் தாளில் 100 வினாக்கள்; மதிப்பெண் 200. பூகோளத்திற்கெனத் தனித்தாள் அங்கில்லை. வரலாறு, அரசியலமைப்பு, பொருளாதாரம், அறிவியல் முதலியவற்றோடு கலந்தே அது வரும். தவறான விடைக்கு அவ்வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படுதலால், குருட்டாம்போக்கில் குறியிடுதல் கேடு. முதன்மைத் தேர்வில் 250 மதிப்பெண் கொண்ட பொது அறிவு முதல் தாளில் இந்தியப் பூகோளமும் உலகப் பூகோளமும் விரித்தெழுதும் வினாக்களாக வரும். விரும்புவோர் பூகோளத்தை விருப்பப் பாடமாகவும் கொள்ளலாம். அதற்கு இரண்டு தாள், 500 மதிப்பெண். வினாத்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சாகின்றன. ஆயினும் முதன்மைத் தேர்வின் விடைகளைத் தமிழிலேயே எழுதலாம். இவ்வுரிமையை நம் பிள்ளைகள் மறத்தலாகாது. ஆனால் வினாவை விளங்கிக்கொள்ளும் பொருட்டுக் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் அறிந்திருத்தல் வேண்டும்.

2024-ஆம் ஆண்டுத் தேர்வுக்கு விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 9.9 இலட்சம் பேர். முதனிலையை எழுதியோர் 5.8 இலட்சம். முடிவில் பணிக்குப் பரிந்துரைக்கப்பட்டோர் 1,009 பேர். பணத்தைப் பற்றிய எம்முடிவுக்கும் வருமுன் இவ்வெண்களைப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து நோக்க வேண்டும்.

இனிப் பாடத்திற்கு வருவோம். பூகோளமென்றால் ஆறுகளின் நீளத்தையும் மலைகளின் உயரத்தையும் தலைநகரங்களின் பெயரையும் உருப்போடுவது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பள்ளியில் அவ்வாறே கற்பித்தனர். குற்றம் மாணவர்மேல் இல்லை. ஆனால் தேர்வாளர் கேட்பது பெரும்பாலும் 'எங்கே' என்பதோடு நில்லாது. 'அங்கே ஏன்' என்பதையும் தொடரும். அந்த 'ஏன்' என்ற கேள்விக்குரிய பாதிச் செய்திகள் நம் வீட்டு வாசலிலேயே கிடக்கின்றன.

நம் ஆட்சிப் பகுதியின் படத்தையே எடுத்துக்கொள்வோம். பரப்பு ஏறத்தாழ 490 சதுரக் கிலோமீட்டர்தான். ஆயினும் அது நான்கு துண்டுகளாகக் கிடக்கிறது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுக் கரையில். மாகி கேரளக் கரையில். யானாம் ஆந்திரத்தில் கோதாவரியின் கௌதமிக் கிளையை ஒட்டி. பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற இத்துண்டுகள் 1954 நவம்பர் 1-இல் இந்தியாவின் ஆட்சிக்கு வந்தன. 1962-இல் சட்டப்படி இணைந்தன. ஆள்வோர்க்கு இவ்வமைப்பு தொல்லையே. பூகோளம் படிப்போர்க்கோ இதைவிடச் சிறந்த பாடநூல் கிடைப்பது அரிது.

நேரக் கணக்கை முதலிற் பார்ப்போம். நம் கடிகாரம் காட்டுவது 82½ பாகைக் கிழக்கு நெடுங்கோட்டின் நேரம். புதுச்சேரி ஏறத்தாழ 79 பாகை 50 கலையில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடமாதலின், சூரியன் நம் உச்சிக்கு வருவது கடிகாரத்தின் பன்னிரண்டு மணிக்குச் சராசரியாகப் பத்து நிமிடத்திற்குச் சற்று மேல் கழித்தேயாகும். யானாம் 82 பாகை 13 கலை; மாகி 75 பாகை 32 கலை. ஒரே ஆட்சிப் பகுதிக்குள் நண்பகல் ஏறத்தாழ 27 நிமிடம் முன்பின்னாக நிகழ்கிறது! புதுச்சேரியின் அகலாங்கு வடக்கே 12 பாகைக்குச் சிறிது குறைவு. ஆகவே ஏப்ரல் 21-ஐ ஒட்டியும் ஆகஸ்டு 21-ஐ ஒட்டியும் நண்பகலில், தெருவில் நேராக நட்ட ஒரு கழியின் நிழல் அதன் அடியிலேயே அடங்கிவிடும். ஒருமுறை இதனை நின்று பார்த்த பிள்ளைக்குச் சூரியன் கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையே சென்று மீள்வதைப் பற்றி வேறொருவர் விளக்க வேண்டுவதில்லை. (வானத்தை அளக்கவென்றே புதுச்சேரிக்கு வந்தவர் லெ ஜாந்தீ என்னும் பிரெஞ்சு வானநூலார். 1769 ஜூனில் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காணக் காத்திருந்த அவரை, அன்று காலை மூடிய மேகம் ஏமாற்றிவிட்டது.)

அடுத்தது மழை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாவு ஓட்டிக் கஞ்சி தோய்த்துத் தெருவில் நீட்டிக் காயவைக்க முடியாது, குழித்தறியில் நீர் ஊறும், வேலை நிற்கும். நெசவாளர் அனைவரும் அறிந்த துன்பம் இது. புதுச்சேரியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவக்காற்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களிற் பெய்வது. மாகியிலோ 3,000 மில்லிமீட்டருக்கு மேல். பெரும்பகுதி ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்றால் வருவது. அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்துவரும் காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து மேலேற்றுகிறது. காற்று குளிர்ந்து மழையாகிறது. மலையைக் கடந்து இறங்கும் காற்று வறண்டு போதலால், அதே மாதங்களில் நம் பக்கம் மழைமறைவாகிறது. யானாமின் கதை வேறு. 2022 ஜூலையில் அவ்வூர்த் தெருக்களில் புகுந்த வெள்ளம் நாசிக்கை அடுத்துத் தோன்றும் கோதாவரி, தொலைவிலுள்ள மாநிலங்களில் பெய்த மழையைத் திரட்டிக்கொண்டு வந்ததால் விளைந்தது. காரைக்கால் உழவர்க்கோ காவிரியே உயிர். மேட்டூரை ஜூன் 12-இல் திறப்பது மரபாயினும் கடைமடைக்கு நீர் வந்துசேர்வது வேறு செய்தி. காவிரித் தீர்ப்புகளில் புதுச்சேரிக்கு ஒதுக்கப்பட்டது 7 டி.எம்.சி. என்பதையும் குறித்துக்கொள்க. மலையால் வரும் மழை, மழைமறைவு, ஆற்றுப்படுகை, கடைமடை ஆகிய இந்நான்கையும் நம் நான்கு ஊர்களைக் கொண்டே படித்துவிடலாம்.

கடற்கரை இன்னொரு பாடம். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்திற் சில மாதம் இவ்வோட்டம் திரும்பும். 1980-களின் பிற்பகுதியில் துறைமுகத்திற்கு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபின், மணல் தெற்கே தேங்கியது. நகரின் முன்பிருந்த மணற்கரை அரிக்கப்பட்டது. 2018-இல் கடலுக்குள் மூழ்கிய தடுப்பு ஒன்றை அமைத்தபின் தலைமைச் செயலகத்தின் முன் மணல் ஓரளவு மீண்டது. சென்னைத் துறைமுகத்தின் தெற்கே மெரினா விரிந்ததும் வடக்கே இராயபுரக் கரை அரிபட்டதும் இதே விதியின் விளைவே. மாலையில் கடற்கரைச் சாலையில் உலாவுவோர் இதனை நூறுமுறை கண்டிருப்பர். கண்டதைத் தேர்வுத்தாளில் எழுதலாம் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

புயலும் அவ்வாறே. 2011 டிசம்பர் 30-இல் தானே. 2024 நவம்பர் 30-இல் ஃபெங்கல். ஃபெங்கல் கரையைக் கடந்தபின் விரைந்து நகராமல் புதுச்சேரியை ஒட்டியே பல மணி நேரம் நின்றமையால் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. காற்றின் வேகம் மிகுந்த புயலே அழிவு செய்யும் என்பதில்லை; நகராத புயலும் செய்யும். புயல்களுக்குப் பெயரிடும் முறையை 2013-ஆம் ஆண்டுத் தேர்விலும், வங்கக் கடல் போன்ற சில கடல்களிலேயே அவை மிகுதியாக எழுவதன் காரணத்தை 2014-ஆம் ஆண்டுத் தேர்விலும் கேட்டனர்.

தொழில்கள் அமைவிடம் பற்றிய பகுதி நம் இதழின் இருவகை வாசகர்க்கும் நேரே உரியது. ஆகவே சற்று விரித்துச் சொல்வேன். அதே 2013-ஆம் ஆண்டு முதன்மைத் தேர்வில், பருத்தி நெசவுத் தொழில் இந்நாட்டில் ஓரிடத்திற் குவியாமல் பரந்து கிடப்பதன் காரணங்களை ஆராயச் சொன்னார்கள். தென்மாநிலங்களில் புதிய சர்க்கரை ஆலைகள் பெருகி வருகின்றன என்பதை ஏற்கிறீரா என்றும் அத்தாளிலேயே வினவினார்கள். ஒன்று நெசவாளர் வீட்டு வினா. மற்றொன்று உழவர் வீட்டு வினா.

விடையின் திறவுகோல் எடையில் இருக்கிறது. ஒரு கிலோ நூலை நெய்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ துணி கிடைக்கும். மூலப்பொருள் எடை குறையாமையால் அதை எங்கே கொண்டுசென்று நெய்தாலும் வண்டிக்கூலியில் பெரிய வேறுபாடில்லை. ஆகவே நெசவு, துணி விற்குமிடத்தையும் கைத்திறன் உள்ள இடத்தையும் நாடிச் சென்றது. கோயில் நகரங்களிலும் துறைமுகங்களிலும் பரவியது. கரும்பு அவ்வாறன்று. நூறு கிலோ கரும்பை ஆட்டினால் கிடைப்பது ஒன்பது, பத்து கிலோ சர்க்கரையே. போதாததற்கு, வெட்டிய கரும்பு வண்டியிற் காத்திருந்தால் சத்தும் எடையும் குறையும். கரும்பு விவசாயிக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை. ஆகவே ஆலை வயலைத் தேடி வரவேண்டும். உறைபனி இல்லாத வெப்பம், மிகுந்த விளைச்சல், நீண்ட அரைவைக் காலம், கூட்டுறவு ஆலைகள் ஆகியவை தென்னாட்டிற்கு உள்ள ஏற்றங்கள். ஆல்பிரட் வெபர் என்ற ஜெர்மானியர் 1909-இல் வெளியிட்ட தொழில் அமைவிடக் கோட்பாட்டின் சாரமும் இவ்வெடைக் கணக்கே. அவர் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவனைவிட, தராசைப் பிடித்தவன் மகள் இதனை நன்கு எழுதுவாள்.

அமைவிடம் என்றும் நிலையானதன்று என்பதற்கும் நம்மூரே சான்று. நீலம் தோய்த்த புதுச்சேரித் துணி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த செனகலுக்கு ஏற்றுமதியாயிற்று. அத்தகைய சந்தைகளின் துணையோடு இங்கே ஆலைகள் எழுந்தன. 1898-இல் தொடங்கிய ரோடியர் ஆலை அவற்றுள் ஒன்று. பேரரசு போயிற்று, சந்தை போயிற்று, விசைத்தறி போட்டிக்கு வந்தது. பின்னாளில் ஏ.எஃப்.டி. எனப்பட்ட அவ்வாலை 2020-இல் மூடப்பட்டது. இதனை எழுதத் தெரிந்த பிள்ளைக்குக் காரணமும் விளைவும் தெரியும்.

நூல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். என்.சி.இ.ஆர்.டி.யின் 6 முதல் 12 வரையிலான வகுப்புப் பூகோள நூல்கள் அடிப்படை. தமிழில் எழுதவிருப்போர் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் 11, 12-ஆம் வகுப்புப் புவியியல் நூல்களையும் உடன்வைத்துப் படித்தால் கலைச்சொற்கள் கைவரும். இயற்கைப் பூகோளத்திற்குக் கோ செங் லியோங் எழுதிய நூல் பலரும் நாடுவது. இவற்றோடு ஒரு நல்ல நிலப்படத் தொகுதி. படமின்றிப் பூகோளம் படிப்பது அச்சில்லாத் தறியில் நெய்வதை ஒக்கும். 1827-இல் தோன்றி இன்று ரோமன் ரோலண்ட் பெயரைத் தாங்கும் பொது நூலகம் நகரிலேயே உள்ளது. 1955-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1961 முதல் வெளியிட்ட தாவரப் படங்கள் உலகறிந்தவை. நம் கரையோரத்தின் வறண்ட பசுமைமாறாக் காடுகளைப் பற்றி அறிய விழைவோர்க்கு அவை பெருந்துணை.

இனி அந்தக் கடன் கேள்வி. தறியையோ நிலத்தையோ ஈடுகாட்டிப் பயிற்சிக்கென்று கடன்பெறுதல் கூடாதென்பதே என் துணிபு. நூலுக்கும் விதைக்கும் வாங்கும் கடன் அறுவடையிலும் துணியிலும் திரும்பும். ஐந்தரை இலட்சத்திற்கு மேற்பட்டோர் எழுதி ஆயிரவர் தேறும் தேர்வுக்காக வாங்கும் கடன் எதில் திரும்பும்? பயிற்சி நிலையங்களே வேண்டா என்று சொல்லவில்லை, வசதியுள்ளோர் செல்லட்டும். வசதியற்ற வீட்டின் பிழைப்புக் கருவியைப் பணயம் வைக்கலாகாது என்பதே நான் சொல்வது. பூகோளத்தைப் பொறுத்தவரை, மேற்சொன்ன நூல்களும் படத்தொகுதியும் ஒரு பாவு நூலின் விலைக்குள் அடங்கிவிடக் கூடியவை. துணைவிதிகள் இடந்தருமாயின் சங்கமே தன் பொதுநல நிதியிலிருந்து அவற்றை இரண்டு படிகள் வாங்கிப் படிப்பறையில் வைக்கலாம். நிர்வாகக் குழுவின் தீர்மானமும் இருப்புப் பதிவேட்டில் ஒரு வரியும் போதும்.

வாரத்திற்கு ஒருநாள் நான்கைந்து பிள்ளைகள் கூடி, வெற்றுப் படமொன்றில் ஓர் ஆற்றைத் தோற்றம் முதல் முகத்துவாரம் வரை வரைந்து, கரையிலுள்ள மண், பயிர், அணை, ஊர் ஆகியவற்றைக் குறித்துத் தமக்குள் வினவிக்கொள்ளலாம். முதல் வாரத்திற்குச் செஞ்சிப் பகுதியிலிருந்து வரும் சங்கராபரணி. அடுத்த வாரம் நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை. பிறகு காவிரி, கோதாவரி. தொடங்குவதற்கு ஐப்பசியே ஏற்றது. தறி நிற்கும் நாட்களில் படிப்பறையை இரவு ஒன்பது மணி வரை திறந்துவைத்தால், பெரும்பாலும் மே இறுதியிலோ ஜூனிலோ நடைபெறும் முதனிலைத் தேர்வுக்கு ஏழு மாதம் கையில் இருக்கும். அத்தேர்வை எழுத வெளியூர் செல்லவும் வேண்டா. புதுச்சேரியே ஒரு தேர்வு மையம்.