கோட்டையை முடியாகச் சூடிய தேவதை

ஒரு நாட்டின் பாதி நிலப்படத்தையே மூன்று சென்டிமீட்டருக்கும் குறைந்த வெள்ளி வில்லையில் அடக்க முடியுமா? நாடு பெரிது. ஒரு நகரத்தை அடக்கிக் காட்டியிருக்கிறார்கள் பண்டைய நாணயச் சிற்பிகள்.

ரோமானியப் பேரரசின் கிழக்குப் பகுதியில் இருந்த கிரேக்க நகரங்கள் தம்மை ஒரு பெண் தெய்வமாக உருவகித்துக் கொண்டன. அத்தெய்வத்தின் பெயர் டைக்கி. கிரேக்க மொழியில் இதற்கு 'அதிர்ஷ்டம்' என்று பொருள். அவள் தலையில் இருப்பது பொன்முடி அன்று. கோபுரங்களுடன் கூடிய நகர மதில்!

சிரியாவின் அந்தியோக்கியா நகரை கி.மு. 300-இல் நிறுவியவர் செலூக்கஸ். சந்திரகுப்த மௌரியருடன் உடன்படிக்கை செய்துகொண்டாரே, அவரேதான். அந்நகருக்காக யூடிக்கிடீஸ் என்னும் சிற்பி வெண்கலத்தில் டைக்கியைப் படைத்தார். பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் அங்கு அச்சிடப்பட்ட வெள்ளி நாணயங்களில் அவ்வுருவைக் காணலாம். ஒரு பக்கம் பேரரசரின் தலை. மறுபக்கம் பாறைமேல் அமர்ந்த டைக்கி. அவள் காலடியில் ஓர் இளைஞன் நீந்துகிறான். பாறை என்பது சில்பியஸ் மலை. இளைஞன் ஒரான்டஸ் ஆறு. முடி என்பது மதில். மலை, ஆறு, மதில் மூன்றும் சேர்ந்தால் அந்தியோக்கியா!

மூலச் சிலை இன்று இல்லை. ஆனால் ஒரே அச்சைக் கொண்டு ஆயிரக்கணக்கான நாணயங்களை அடிக்கலாம் அல்லவா? அவற்றுள் பல தப்பிப் பிழைத்தன. வத்திக்கான் அருங்காட்சியகத்திலுள்ள ஒரு சலவைக்கல் சிலை இந்த டைக்கியின் பிரதியே என்பதற்கு அவை சான்றாக நிற்கின்றன.

மதில் பகைவரைத் தடுக்கும். நிலத்தடியிலிருந்து வரும் ஆபத்தைத் தடுக்குமா? கி.பி. 115-இல் பேரரசர் டிராஜன் அங்குத் தங்கியிருந்தபோதே நிலநடுக்கம் நகரைத் தகர்த்தது. அவர் உயிர் தப்பினார். கி.பி. 526-இல் மீண்டும் பேரழிவு. 2023 பிப்ரவரி 6-ஆம் நாள் 7.8 அளவுள்ள நிலநடுக்கத்தில், அதே இடத்தில் உள்ள இன்றைய துருக்கியின் அந்தாக்கியா நகரம் நொறுங்கியது.

இது வெறும் துரதிர்ஷ்டமா? இல்லை. அரேபியப் பாறைத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து அனடோலியத் தட்டை நெருக்குகிறது. வளைத்த வில்லில் போல, பாறையில் ஆற்றல் சிறிது சிறிதாகச் சேர்கிறது; பாறை தாங்காமல் வழுக்கும்போது அது அதிர்வாக வெளிப்படுகிறது. எந்த நாளில் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. எங்கே நிகழக்கூடும் என்பது தெரியும். அதிர்வைத் தாங்கும் வீடு கட்டவும் தெரியும். ஆகவே நகரின் பாதுகாப்பை டைக்கியிடம் விட்டுவிட வேண்டியதில்லை.